பாலிசியில் செக்கப் வருமா? ஒரு கேள்வியின் நூறு வருடக் கதை



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் படிக்கிற மாதிரி படியுங்கள். கடைசியில் ஒரு வீட்டுப்பாடமும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மாணவனைப் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அவன் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், நாலு பேராவது படிக்கட்டும்" என்றான். வயது 44. பத்தாவது முடித்த கையோடு பனியன் கம்பெனிக்குப் போனவன். கைமடியில் ஆரம்பித்து, ஓவர்லாக் பழகி, டைலராகி, இன்றைக்கு 12 மெஷின் போட்டுச் சொந்தமாக பவர் டேபிள் நடத்துகிறான். வகுப்பில் கடைசி பெஞ்ச். பானிபட் போர் மூன்றும் எந்தெந்த வருடம் என்று கேட்டால் மட்டும் எழுந்து நின்று சரியாகச் சொல்வான்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவனுக்குக் கால் வீங்கியது. ஷிப்மெண்ட் நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட், நின்றுகொண்டே இருப்பதால் வீங்குகிறது என்று விட்டுவிட்டான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு ராத்திரி படுக்கவே முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பி.பி. 210. ரத்தத்தில் கிரியாட்டினின் 8-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. "ரொம்ப வருஷமா பி.பி. இருந்திருக்குங்க. அஞ்சு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையிலேயே ஓட்டியிருக்கலாம்" என்றாராம் டாக்டர். இப்போது செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

அவனிடம் மருத்துவப் பாலிசி இருந்தது. குடும்பத்துக்கே சேர்த்து 5 லட்சம், ஆறு வருடமாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியது. கம்பெனியும் ஆஸ்பத்திரிப் பில்லில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

"சார், பாலிசி போட்டப்பவே ஏஜெண்ட்கிட்ட கேட்டேனுங்க, இதுல செக்கப் வருமான்னு. 'அட்மிட் ஆனாத்தானுங்ண்ணா கிளெய்ம்'னு சொல்லிட்டாரு. சரி, நம்ம காசைப் போட்டு எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு விட்டுட்டேன்."

பாலிசியில் செக்கப் வருமா? நம் பெல்ட்டில் பாலிசி வைத்திருக்கிற எல்லாரும் ஒருதரமாவது கேட்ட கேள்வி இது. முப்பத்தி மூன்று வருடம் வரலாறு நடத்தியவன் என்பதால் என்னால் 'வரும்', 'வராது' என்று ஒரு சொல்லில் நிறுத்த முடியாது. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

*பரிசோதனை யாருக்காக?*

என் வயதுக்காரர்களுக்கு எல்ஐசி டாக்டர் ஞாபகம் இருக்கும். 1956-ல் ஆயுள் காப்பீட்டைத் தேசியமயமாக்கி எல்ஐசி வந்தது. பெரிய தொகைக்குப் பாலிசி போட்டால் ஒரு டாக்டரிடம் அனுப்புவார்கள். எடை, உயரம், மார்புச் சுற்றளவு, பி.பி., சிறுநீர். நம் அப்பாக்கள் பலருக்கு வாழ்க்கையில் முதல் முழுப் பரிசோதனை அதுதான். ஆனால் அது அவர்களுக்காக நடந்தது அல்ல, கம்பெனிக்காக நடந்தது. இவரைச் சேர்க்கலாமா, தள்ளலாமா, கூடுதல் பிரீமியம் போடலாமா என்று பார்க்கிற சோதனை. மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. மாட்டின் நலத்துக்காக யாரும் பல்லைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஆயுள் காப்பீட்டுக்காரர்களே இதைத் திருப்பிப் போட்ட ஒரு காலமும் உண்டு. அமெரிக்காவில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற கம்பெனி 1909-ல் தன் பாலிசிதாரர்களான தொழிலாளர் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்ப ஆரம்பித்தது. 1913-ல் நியூயார்க்கில் 'ஆயுள் நீட்டிப்பு நிறுவனம்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட். மெட்ரோபாலிட்டன் தன் பாலிசிதாரர்களை அங்கே இலவசப் பரிசோதனைக்கு அனுப்பியது. தர்ம சிந்தனை என்று நினைக்க வேண்டாம், கணக்குதான். ஆயுள் காப்பீட்டில் ஆள் எத்தனை வருடம் கூடுதலாக இருக்கிறானோ அத்தனை வருடம் பிரீமியம் வரும், இழப்பீடும் தள்ளிப்போகும். ஆள் உயிரோடு இருப்பது கம்பெனிக்கு லாபம்.

அப்படியானால் மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் நாம் நோயில்லாமல் இருப்பது லாபம்தானே, அவர்கள் ஏன் நம்மை வருடா வருடம் கூப்பிட்டு டெஸ்ட் எடுக்கவில்லை? நல்ல கேள்வி. பதில் பிறகு வரும். அதற்கு முன் நம் ஊர் மில் வாசலுக்குப் போவோம்.

*ஈஎஸ்ஐ வந்த கதை*

தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு என்பதை ஒரு நாட்டுச் சட்டமாக முதலில் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க், 1883-ல். (ஒன்பதாம் வகுப்பில் 'இரும்பும் ரத்தமும்' என்று மனப்பாடம் செய்தீர்களே, அதே ஆள்தான்.) நம் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்திலேயே பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் ஒரு திட்டம் கேட்டார்கள். அவர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார், அதே நாளில் டெல்லியிலும் ஆரம்பம். அப்போது மாதம் 400 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் திட்டம்.

மூன்றே வருடத்தில், 1955-ல், நம் மாநிலத்தில் முதலாவதாக அது கோயம்புத்தூருக்கு வந்தது. ஏன் கோவை என்று சொல்ல வேண்டியதில்லை, மில் தொழிலாளர் கூட்டம் அங்கேதான். அன்றைக்குத் திருப்பூர் கோவை மாவட்டத்துக்குள் ஒரு பஞ்சுச் சந்தை ஊர். பனியன் நெசவு 1930-களிலேயே வந்துவிட்டது என்றாலும் எல்லாம் சின்னச் சின்னக் கூடங்கள். 1970-களின் கடைசியில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆரம்பித்த பிறகுதான் ஊர் இந்த வேகம் எடுத்தது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை உங்களில் சிலருடைய அப்பா அம்மா நடத்தியிருப்பார்கள். அந்த வருடம் எத்தனையோ பிள்ளைகள் மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் வந்தார்கள்.

ஈஎஸ்ஐ கார்டு வந்த வீட்டுக்கு மருந்து, டாக்டர், ஆஸ்பத்திரி, விடுப்புச் சம்பளம், பிரசவ உதவி எல்லாம் வந்தன. எந்தத் தனியார் பாலிசியும் இன்றுவரை இத்தனையையும் ஒரே கார்டில் தருவதில்லை. ஆனால் அதன் அடிப்படை ஒன்றுதான்: நோய் வந்தவன் வரட்டும், பார்க்கிறோம். நோய் இருக்கிறதா என்று தேடிப் போவது அந்தத் திட்டத்தின் உடம்பில் அன்று இல்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது, அது நம் ஊருக்கு ரொம்பப் பெரிய ஓட்டை. இத்தனை ஆள் வேலை செய்தால்தான் சட்டம் செல்லும் என்ற எண்ணிக்கை. மின்சாரத்தில் ஓடும் கூடத்துக்கு முதலில் 20 பேர், பிறகு 10 பேர். ஒரே ஷெட்டில் மூன்று பெயர் பலகை தொங்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஆள் எண்ணிக்கை வரம்புக்குள் நிற்கும். சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் இருந்து மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் போனால் கார்டு போய்விடும். சொந்தமாக பவர் டேபிள் போட்டவனுக்கோ கார்டே கிடையாது, அவன் முதலாளி! டைலராக இருந்தவரைக்கும் நம் மாணவனுக்குக் கார்டு இருந்தது. முதலாளி ஆன அன்றைக்கு அது போயிற்று. அந்த இடத்தை நிரப்பத்தான் அவன் தனியார் பாலிசிக்குப் போனான்.

ஈஎஸ்ஐ இப்போது மாறிக்கொண்டு வருகிறது. 2021-ல் 40 வயது தாண்டிய காப்பீட்டாளர்களுக்கு வருடாந்திரப் பரிசோதனையைச் சில நகரங்களில் சோதனை முறையில் ஆரம்பித்தார்கள். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், தொழிலாளிக்கு வருடம் ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை செய்து தருவது முதலாளியின் கடமை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் இதே கடமையை 1972-லேயே சட்டத்தில் உறுதியாக வைத்துவிட்டார்கள். நாம் அரை நூற்றாண்டு பிந்தி வந்திருக்கிறோம், வந்தவரைக்கும் நல்லது. கம்பெனி நடத்தும் மாணவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

*மெடிகிளெய்ம் என்ற சொல்*

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடும் அரசுடைமை ஆயிற்று. நூற்றுச் சொச்சம் கம்பெனிகளை நாலாகச் சேர்த்தார்கள். அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. இந்த நாலு கம்பெனிகளும் 1986-ல் கொண்டுவந்ததுதான் 'மெடிகிளெய்ம்'. பெயரிலேயே 'கிளெய்ம்' இருக்கிறது, கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 24 மணி நேரமாவது படுத்திருந்தால், ஆன செலவைக் கொடுப்போம் என்பது அதன் சாரம்.

அந்தப் பழைய மெடிகிளெய்மிலும் செக்கப்புக்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது என்றால் நம்புவீர்களா? நாலு வருடம் தொடர்ந்து கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால், காப்பீட்டுத் தொகையின் சராசரியில் 1 சதவீதம் வரை பரிசோதனைச் செலவைத் திருப்பித் தருவார்கள். 1 லட்சத்துக்குப் பாலிசி என்றால் 1,000 ரூபாய், அதுவும் நாலு வருடத்துக்கு ஒருமுறை. இதில் ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? நடுவில் நோய்ப்பட்டுக் கிளெய்ம் வாங்கியவனுக்குப் பரிசோதனை கிடையாது. பரிசோதனை யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கு ஜன்னல் அடைபட்டுவிடும். அதாவது செக்கப் என்பது உடம்பைக் கவனிக்கக் கொடுத்த உரிமை அல்ல, கிளெய்ம் வாங்காத நல்ல பிள்ளைக்குக் கொடுத்த பரிசு.

இப்போது முன்னால் விட்ட கேள்விக்கு வருவோம். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஏன் மெட்ரோபாலிட்டன் மாதிரி நடக்கவில்லை?

முதல் காரணம், காப்பீடு என்பதே நடக்குமா நடக்காதா என்று தெரியாததற்குத்தான். ஆயிரம் பேரில் யாரோ பத்துப் பேருக்கு வரும் பெரிய செலவை ஆயிரம் பேரும் பங்கு போட்டுக்கொள்வது. நம் ஊர் பாஷையில் சொன்னால் மொய் மாதிரி. வருடாந்திரச் செக்கப் அப்படியல்ல, ஆயிரம் பேருக்கும் நிச்சயமாக வரும் செலவு. ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 15 லட்சம். அது பிரீமியத்தில்தான் ஏறும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. ஆயுள் காப்பீடு இருபது முப்பது வருட ஒப்பந்தம். மருத்துவப் பாலிசி ஒரு வருட ஒப்பந்தம், வருடா வருடம் புதுப்பிப்பது. இன்றைக்கு பி.பி. கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் தப்பிக்கிற டயாலிசிஸ் செலவு பத்து வருடம் கழித்து வர இருந்தது. அதற்குள் பாலிசிதாரர் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். 2011 அக்டோபர் முதல் அப்படி மாறிக்கொள்ள உரிமையும் வந்துவிட்டது. விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன் என்றால் எவன் விதைப்பான்?

இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்க்காது. அமெரிக்காவில்கூட 2010-ல் சட்டம் போட்டுத்தான் குறிப்பிட்ட பரிசோதனைகளையும் தடுப்பூசிகளையும் தனியார் காப்பீடுகள் நம்மிடம் தனியாகக் காசு கேட்காமல் தர வேண்டும் என்று ஆக்கினார்கள்.

*ஜன்னல் கொஞ்சம் பெரிதான கதை*

1999 சட்டத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. 2006-ல் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனிக் கம்பெனியாக ஸ்டார் ஹெல்த் சென்னையில் தொடங்கியது, நாட்டிலேயே முதலாவது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் மத்திய அரசின் திட்டமும் சேர்ந்து குடும்பத்துக்கு 5 லட்சம் வரை என்றாகியிருக்கிறது. இவையும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானவைதான்.

ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ மெல்ல மெல்ல நம் பக்கம் சில விதிகள் போட்டது. 2013-ல் வந்த விதிகளில் இரண்டைச் சொல்கிறேன். பாலிசி போடும் முன் கம்பெனி கேட்கும் பரிசோதனைக்கு, பாலிசி ஏற்கப்பட்டால் பாதிச் செலவாவது கம்பெனி தர வேண்டும். கிளெய்ம் வாங்கினார், நோய் வந்துவிட்டது என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. 2016 விதிகளில் உடல்நலப் பேணலுக்கும் நோய்த்தடுப்புக்கும் பாலிசியில் இடம் கொடுத்தார்கள், 2020-ல் அதற்குத் தனி வழிகாட்டுதல். அதன் பிறகுதான் 'வருடம் ஒருமுறை ஹெல்த் செக்கப்' என்ற வரி பல பாலிசிகளில் சாதாரணமாக வந்தது. ஆனால் கட்டாயம் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி மாறும்.

கூடவே ஒரு கதவையும் சாத்தி வைத்திருக்கிறார்கள். 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த விலக்குகளில் நான்காவது: பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் கிடையாது. "ஒருநாள் அட்மிஷன் போட்டு எல்லா டெஸ்ட்டும் எடுத்துக் கிளெய்ம் பண்ணிரலாங்க" என்று யாராவது சொன்னால் அது நடக்காது, சில சமயம் பொய்க் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

வருமான வரியிலும் ஒரு ஜன்னல் உண்டு. 80டி பிரிவில், நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு வருடம் 5,000 ரூபாய் வரை கழிவு, 2012 பட்ஜெட்டில் வந்தது. பிரீமியத்துக்கான 25,000 வரம்புக்குள்தான் இந்த 5,000-மும். ரொக்கமாகக் கொடுத்த பரிசோதனைச் செலவும் செல்லும். ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

*அம்பிளிக்கை சொல்லும் பாடம்*

பாலிசியை விட்டுவிட்டு வேறு பாதையில் நம் மாநிலம் செய்ததையும் சொல்லாமல் விட்டால் பாதி வரலாறு ஆகிவிடும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை தெரியுமல்லவா? காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கடந்து போயிருப்பீர்கள். அங்குள்ள ஆஸ்பத்திரியை மையமாக வைத்து 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பெரிய எந்திரம் ஏதும் இல்லை. அசெட்டிக் அமிலம் தடவி, பயிற்சி பெற்ற நர்சுகள் கண்ணால் பார்ப்பது. அந்த அமிலம் நம் சமையல் வினிகரில் இருப்பதுதான். 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு தரம் பார்த்ததற்கு! நம் பக்கத்து ஊரில் நடந்ததை உலகமே படித்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

அதே 2007-ல் தமிழக அரசு தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும், சிவகங்கை, விருதுநகரில் ரத்த அழுத்தத்துக்கும் முன்னோட்டமாகப் பரிசோதனை ஆரம்பித்தது. 2012-ல் மாநிலம் முழுக்க விரிந்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்', வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது. 2024-ல் தொழிற்சாலைகளுக்கே போய்த் தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு பி.பி., சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய ஐந்தும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இதற்கு எந்தப் பாலிசியும் தேவையில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 6,000, 8,000 ரூபாய் பேக்கேஜில் எழுபது எண்பது டெஸ்ட் எடுப்பதால் எல்லாம் ஆயுள் கூடுவதில்லை. மொத்தமாகச் செய்யும் பொதுச் செக்கப்புகள் சாவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவினர் 2012-லும் 2019-லும் சொல்லியிருக்கிறார்கள். பலன் நிரூபணமான சில பரிசோதனைகளை, சரியான வயதில், விடாமல் செய்து, வந்த முடிவுக்கு மருந்தும் ஒழுங்காக எடுப்பதுதான் காரியம். நம் மாணவனுக்குத் தேவைப்பட்டது கையில் பட்டை சுற்றி பி.பி. பார்க்கும் இரண்டு நிமிடம்தான்.

*என் பங்கு*

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

அன்றைக்கு அவன் வீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பாலிசியை முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். பதினான்காம் பக்கத்தில் இருந்தது. முதல் புதுப்பித்தலுக்குப் பிறகு, கிளெய்ம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வருடம் ஒருமுறை 2,500 ரூபாய் வரை பரிசோதனைச் செலவு. ஐந்து வருடம் அவனுக்காக அந்த வரி காத்துக் கிடந்திருக்கிறது. ஏஜெண்ட் சொன்னது தவறு. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் 'வரும்'.

அவன் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவன்தான் சிரித்துக்கொண்டே, "விடுங்க சார், உங்களுக்குக்கூட அனுப்புனனே" என்றான்.

எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். ஆறு வருடம் முன்னால், ஒரு மாலை நேரம், அதே பாலிசியை அனுப்பி, "சார் இதக் கொஞ்சம் படிச்சுப் பாத்து சொல்லுங்க, எனக்கு இங்கிலீஷ் புரியல" என்று கேட்டிருக்கிறான். பத்து நிமிடத்தில் நான் பதில் போட்டிருக்கிறேன்: "நல்ல பாலிசிதான் தம்பி. தவறாமல் கட்டிக்கொண்டு வா."

பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டு பக்கம் யாராலும் படிக்க முடியாது. நான் திறந்தே பார்க்கவில்லை. பரீட்சைப் பேப்பரைப் படிக்காமல் மார்க் போட்ட வாத்தியார் ஆகிவிட்டேன். அந்த வரியை நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவன் டெஸ்ட் எடுத்திருப்பானா, எடுத்திருந்தாலும் மாத்திரை ஒழுங்காகப் போட்டிருப்பானா, தெரியாது. ஆனால் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, என்னங்க சார் நீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். டயாலிசிஸுக்காக அறுவை செய்த தழும்பு இருக்கிற கை.

*வீட்டுப்பாடம்*

ஆகவே, பாலிசியில் செக்கப் வருமா என்ற கேள்விக்கு என் பதில்: எல்லாவற்றிலும் வராது, பலவற்றில் வரும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1. பாலிசியில் 'ஹெல்த் செக்கப்' அல்லது 'பிரிவென்டிவ்' என்ற சொல்லைத் தேடுங்கள். எத்தனை ரூபாய், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை, வீட்டில் எத்தனை பேருக்கு என்று பாருங்கள்.

2. எப்போதிலிருந்து? முதல் வருடமே உண்டா, புதுப்பித்த பிறகா, கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கு மட்டுமா?

3. கம்பெனி சொல்லும் லேபில்தானா, எந்த லேபிலும் எடுத்துப் பில் அனுப்பலாமா? இந்த வருடம் எடுக்காவிட்டால் அடுத்த வருடத்துக்குச் சேருமா? பெரும்பாலும் சேராது.

4. செக்கப் தொகை வாங்கினால் போனஸ் குறையுமா என்று கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

5. "டெஸ்ட்ல ஏதாச்சும் வந்துட்டா பாலிசியை நிறுத்திருவாங்க" என்ற பயம் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை அந்தக் காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் புதுப் பாலிசி போடும்போதோ கம்பெனி மாறும்போதோ தெரிந்த நோயை மறைக்காதீர்கள். அதுதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

6. பாலிசியில் இல்லாவிட்டால்? தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய். அந்தக் காசில் வீட்டில் இரண்டு பேருக்கு பி.பி., சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கம்பெனி வைத்திருக்கிற மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெஷினுக்கு எண்ணெய் விட நாள் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஊசி உடைவதற்கு முன்னாலேயே மாற்றுகிறீர்கள். மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் வருடத்தில் ஒரு நாள் குறியுங்கள். அரை ஷிப்ட் போனால் போகட்டும்.

இந்த வாரத்துக்குள் உங்கள் பாலிசியைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். இங்கிலீஷ் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் பதில் வராது. இரண்டு மூன்று நாள் ஆகும். முழுக்கப் படித்துவிட்டுத்தான் சொல்வேன்.

நானும் நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறேன். கடைசியாக எடுத்து மூன்று வருடம் ஆயிற்று என்று வீட்டுக்காரம்மா கணக்குச் சொல்கிறாள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்